சொந்தமாக ஒரு மேஜர் எழுதிக்கொள்வது எப்படி: அமெரிக்காவில் இளநிலை படிப்பவர்களுக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரு வழி இருக்கிறது. பட்டியலில் உள்ள மேஜர், அதாவது பட்டத்துக்கான முதன்மைப் பாடம், எதுவும் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் இரண்டு மூன்று துறைகளின் பாடங்களை எடுத்துக் கோத்து நீங்களே ஒரு மேஜரை எழுதிக் கொடுக்கலாம். பேராசிரியர்கள் கொண்ட ஒரு குழு அதைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டால் அதிலேயே பட்டம். நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே மூன்றாம் வருஷம்தான் காதில் விழுகிறது, அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. நான் இந்த வழியில் படித்து முடித்தவள். முதல் முறை எழுதிக் கொடுத்தது திரும்பி வந்தது, அடுத்த செமஸ்டரில் திருத்திக் கொடுத்தபோதுதான் ஏற்றார்கள். அந்த இரண்டு ப்ரொபோசல்களுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் இருக்கிறது. இப்போது முதல் வருஷத்திலோ இரண்டாம் வருஷத்திலோ இருக்கும் பிள்ளைகளுக்கு இது உடனே பயன்படும் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

எங்கே இருக்கிறது, என்ன பெயரில் தேடுவது

இது நேற்று வந்த ஏற்பாடு இல்லை. 1960களின் கடைசியில் மாணவர்கள் பாடத்திட்டத்தையே கேள்வி கேட்ட காலத்தில் பல இடங்களில் முளைத்தது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஐரா மகசினர், எலியட் மேக்ஸ்வெல் என்ற இரண்டு மாணவர்கள் முன்நின்று ஒரு நீண்ட அறிக்கை தயாரித்தார்கள், அதைத் தொடர்ந்து 1969இல் எல்லாருக்கும் பொதுவான கட்டாயப் பாடங்களையே அங்கே எடுத்துவிட்டார்கள். சொந்த மேஜருக்கு அங்கே இன்டிபென்டன்ட் கான்சன்ட்ரேஷன் என்று பெயர். ஹார்வர்டில் ஸ்பெஷல் கான்சன்ட்ரேஷன்ஸ், டியூக்கில் புரோகிராம் டூ, இண்டியானாவில் இண்டிவிஜுவலைஸ்டு மேஜர் புரோகிராம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் காலட்டின் என்று இதற்காகவே ஒரு தனிப் பள்ளி இருக்கிறது, 1972இல் தொடங்கியது. மெய்ன் மாநிலத்தில் காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக் என்ற சின்னக் கல்லூரியில் மொத்தக் கல்லூரிக்கும் ஒரே மேஜர்தான், ஹியூமன் இகாலஜி, அதற்குள் ஒவ்வொருவரும் தன் பாதையைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் இடத்துக்கு இடம் மாறுவதால்தான் பலர் தேடியும் கண்டுபிடிப்பதில்லை. உங்கள் பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலான கேட்டலாகைத் திறந்து இண்டிவிஜுவலைஸ்டு, இன்டிபென்டன்ட், ஸ்பெஷல், செல்ஃப் டிசைண்டு, இன்டர்டிசிப்ளினரி என்று ஒவ்வொரு சொல்லாகப் போட்டுத் தேடுங்கள். பெரும்பாலும் ஆர்ட்ஸ் அண்ட் சயன்சஸ் கல்லூரிக்குள்தான் இருக்கும். இன்ஜினியரிங், பிசினஸ் பக்கம் சேர்ந்தவர்கள் இந்த வழிக்குள் வர முதலில் கல்லூரி மாற வேண்டியிருக்கலாம், அதைச் சீக்கிரமே விசாரித்துவிடுங்கள்.

இப்படிப் படித்தால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டால் சொல்ல ஒரு பெயர் வேண்டுமா? வில் ஷார்ட்ஸ். 1974இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் புதிர்களைப் பற்றிய படிப்பு என்று, எனிக்மட்டாலஜி என்ற பெயரில், தனக்கென ஒரு மேஜரை வகுத்துப் பட்டம் வாங்கியவர். அடுத்து வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து முடித்தார். 1993இலிருந்து நியூயார்க் டைம்ஸின் குறுக்கெழுத்துப் பகுதிக்கு ஆசிரியர். சொந்த மேஜர் எடுத்தால் மேற்படிப்புக் கதவு மூடிவிடும் என்ற பயத்துக்கு அவருடைய சட்டப் பட்டம் ஒன்றே போதுமான பதில்.

முதலில், இது உங்களுக்கு வேண்டுமா?

இரண்டு துறை பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் இதில் இறங்காதீர்கள். பொருளாதாரமும் கணிதமும் பிடித்தால் இரண்டையும் மேஜராக எடுத்து டபுள் மேஜர் செய்யலாம். கம்ப்யூட்டரோடு கொஞ்சம் இசையும் வேண்டும் என்றால் மைனர் என்ற சின்னத் துணைப்பாடம் போதும். தவிரவும் நீங்கள் நினைக்கும் கலவை ஏற்கனவே ஒரு மேஜராக இருக்கலாம். மொழியியல், தத்துவம், உளவியல், கம்ப்யூட்டர் நான்கையும் சேர்த்து ஸ்டான்ஃபோர்டில் சிம்பாலிக் சிஸ்டம்ஸ் என்று 1986இலிருந்தே நடத்துகிறார்கள். குழுவில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வியே, இருப்பதை வைத்து இதைச் செய்ய முடியாதா என்பதுதான். அதனால் ப்ரொபோசல் எழுத உட்காரும் முன், கிட்டத்தட்டப் பொருந்தும் மேஜர்கள் இரண்டு மூன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் உங்களுக்கு வேண்டிய எது இல்லை, வேண்டாத எதைக் கட்டாயமாகப் படிக்க வேண்டியிருக்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளில் குறை ஒன்றும் பெரிதாகத் தேறவில்லை என்றால் அந்த மேஜரிலேயே சேர்ந்துவிடுங்கள், உங்களுக்கு ஒரு வருஷ அலைச்சல் மிச்சம். குறை தேறினால் அந்தத் தாளே ப்ரொபோசலின் முதல் பக்கமாகிவிடும்.

கேள்வி ஒன்று இருக்கிறதா

நான் வேலூர்க்காரி. வெயில் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்கா போன முதல் வருஷம் ஒரு சமூகவியல் வகுப்பில் சிகாகோவைப் பற்றிப் படித்தேன். 1995 ஜூலையில் அங்கே வெயில் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது, சில நாட்களுக்குள் 700க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். எனக்கு நம்பவே முடியவில்லை. 41 டிகிரி எங்கள் ஊரில் மே மாதத்துச் சாதாரண மத்தியானம். அப்புறம் படிக்கப் படிக்க இன்னொன்று தெரிந்தது. அதே வெயில், அதே நகரம், ஆனால் சில பகுதிகளில் சாவு மிக அதிகம், பக்கத்திலேயே இன்னொரு பகுதியில் குறைவு. செத்தவர்களில் நிறையப் பேர் தனியாக வாழ்ந்த வயதானவர்கள். கதவைத் தட்ட ஆள் இல்லாதவர்கள், திருட்டுப் பயத்தில் ஜன்னலைத் திறக்காதவர்கள்.

ஒரே வெயிலில் ஒரு தெருவில் சாவு விழுகிறது, அடுத்த தெரு தப்பிக்கிறது, ஏன்? இந்தக் கேள்வியை எந்தத் துறையிடம் கொண்டுபோவது? வானிலைத் துறை வெப்பத்தைச் சொல்லும். உடலியங்கியல், காற்றில் ஈரம் கூடினால் வியர்வை ஆவியாகாமல் உடம்பு எப்படிச் சூடேறுகிறது என்று சொல்லும். சாவைக் கணக்கெடுக்க நோய்ப்பரவல் இயல், அதாவது எபிடெமியாலஜி வேண்டும். அந்தத் தெருவில் ஏன் மரம் இல்லை என்று தெரிய வரலாறு வேண்டும். 1930களில் அமெரிக்க அரசு வீட்டுக் கடனுக்காக நகரங்களை வரைபடமாக்கியபோது கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் குறித்து ஒதுக்கினார்கள், அந்தச் சிவப்புப் பகுதிகள் பெரும்பாலான நகரங்களில் இன்றும் மற்ற இடங்களைவிடச் சூடாக இருக்கின்றன. இதை எந்தத் தெர்மாமீட்டரும் சொல்லாது. ஒரு துறையில் நின்றால் கேள்வியின் கால்வாசிதான் கிடைக்கும் என்று எனக்கு உறுதியானது அங்கேதான்.

உங்களிடமும் இப்படி ஒரு கேள்வி இருக்க வேண்டும். பிடித்த பாடங்களின் பட்டியல் இருந்தால் போதாது. கேள்வி சரியானதா என்று சோதிக்க எளிய வழி, அதை ஒரே வாக்கியத்தில், கேள்விக்குறியோடு எழுதிப் பார்ப்பது. "காலநிலை மாற்றமும் சமூகமும்" என்று வந்தால் அது இன்னும் தலைப்புதான். "கடலோர மீனவக் கிராமங்கள் புயலுக்குப் பிறகு எதை வைத்து அங்கேயே தங்குவதா, இடம்பெயர்வதா என்று முடிவெடுக்கின்றன?" என்று வந்தால் சரி, இதை வைத்துப் பாடம் தேடலாம். யாரிடம் போய்க் கேட்பது, எதை அளப்பது, என்ன மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் அந்த வாக்கியமே சொல்லிவிடும்.

திரும்பி வந்த ப்ரொபோசல்

நான் முதலில் கொடுத்த தலைப்பு: சுற்றுச்சூழல், சமூகம், ஆரோக்கியம். மூன்று பெரிய சொற்கள், நடுவில் காற்புள்ளி. அதன் கீழே பதினைந்து பாடங்கள், எல்லாமே நல்ல பாடங்கள். நேர்காணலில் குழுவில் ஒருவர் பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்து, "இதில் எந்தப் பாடத்தை எடுத்துவிட்டால் உன் திட்டம் இடிந்து விழும்?" என்று கேட்டார். நான் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன், மறுபடி கீழிருந்து மேலே பார்த்தேன். எதை எடுத்தாலும் எதுவும் விழாது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. அன்றைக்கு அழுகைதான் வந்தது, ஆனால் யோசித்தால் என் படிப்பில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள கேள்வி அதுதான்.

அடுத்த முறை கொடுத்த தலைப்பு: நகர வெப்பமும் முதியோர் உடல்நலமும். பதினான்கு பாடங்கள், பாடத்தின் கனத்தைக் குறிக்கும் கிரெடிட் பாடத்துக்கு 3 வீதம் மொத்தம் 42. ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே இரண்டு வரி: இது கேள்வியின் எந்தப் பகுதிக்கு, இதற்கு முன்னால் எதைப் படித்திருக்க வேண்டும். புள்ளியியல் இரண்டு, வானிலை இரண்டு, எபிடெமியாலஜி இரண்டு. வரைபடத்துக்கு ஜிஐஎஸ் ஒன்று, செயற்கைக்கோள் படங்களைப் படிக்க ரிமோட் சென்சிங் ஒன்று. மனித உடலியங்கியல், நகர வரலாறு, நகரச் சமூகவியல், பொதுக் கொள்கை ஒவ்வொன்று. மக்களிடம் உட்கார்ந்து பேசி எழுதும் முறைக்கு ஒன்று. கடைசியாக கேப்ஸ்டோன், அதாவது கடைசி வருஷம் செய்து முடிக்கும் பெரிய வேலை. ஜிஐஎஸ்ஸை எடுத்துவிட்டால் ரிமோட் சென்சிங்கில் சேர முடியாது, அது போனால் கேப்ஸ்டோனே இல்லை. இப்போது எதை உருவினாலும் ஏதாவது விழுந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, பாதிப் பாடங்கள் விஷயத்தைச் சொல்பவை, மீதிப் பாதி வேலை செய்யும் முறையைச் சொல்பவை. முதல் ப்ரொபோசலில் என்னிடம் முறை சார்ந்த பாடம் ஒன்றுகூட இல்லை. சொந்த மேஜர் எழுதுகிறவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இது. ஐந்து துறைகளில் அறிமுகப் பாடமாக எடுத்து அடுக்கினால் ஐந்திலும் வாசற்படியில்தான் நிற்பீர்கள். ஏதாவது இரண்டு துறைகளிலாவது மேல்நிலைப் பாடம் வரைக்கும் போய்விடுங்கள். குழுக்கள் பெரும்பாலும் அதைத்தான் எண்ணிப் பார்க்கின்றன, மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் அதைத்தான் பார்ப்பார்கள்.

பேராசிரியரைப் பிடிப்பது

அட்வைசர், அதாவது வழிகாட்டும் பேராசிரியர், இல்லாமல் எந்த ப்ரொபோசலும் நகராது. சில இடங்களில் ஒருவர் போதும், சில இடங்களில் வேறு வேறு துறைகளிலிருந்து இருவரோ மூவரோ கையெழுத்துப் போட வேண்டும். புகழ் பெற்றவரைத் தேடாதீர்கள். உங்களுக்கு ஏற்கனவே பாடம் எடுத்தவர், உங்கள் எழுத்தைப் படித்துத் திருத்தியவர், ஆஃபீஸ் நேரத்தில் கதவைத் திறந்து வைத்திருப்பவர், இப்படி ஒருவர்தான் வேண்டும். கேட்கும் முன் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: அடுத்த வருஷம் சபாட்டிக்கல் என்ற நீண்ட விடுப்பில் போகிறாரா? என் முதல் அட்வைசர் போய்விட்டார். நான் கேட்டிருக்கவில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. இன்னொருவரைத் தேடிப் பிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

முதல் மெயில் சுருக்கமாக இருக்கட்டும். நான் எழுதியது ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது: "ப்ரொஃபெசர், போன செமஸ்டர் உங்கள் எபிடெமியாலஜி வகுப்பில் இருந்தேன். சிகாகோ வெப்ப அலை பற்றிய என் கட்டுரைக்கு நீங்கள் எழுதிய குறிப்பில், தனியாக வாழ்வதை எப்படி அளப்பாய் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன், அதையே மேஜராக எழுத நினைக்கிறேன். ஒரு பக்கத் திட்டம் இணைத்திருக்கிறேன். இருபது நிமிடம் கிடைக்குமா?" அவ்வளவுதான். அட்வைசராக இருங்கள் என்று முதல் மெயிலிலேயே கேட்கவில்லை. நேரில் போய்ப் பேசிய பிறகு, அவரே இரண்டு பாடங்களை மாற்றச் சொன்ன பிறகு கேட்டேன். ஒருவர் உங்கள் தாளில் பேனாவை வைத்துத் திருத்திவிட்டாலே அந்தத் திட்டத்தில் அவருக்கும் கொஞ்சம் பங்கு வந்துவிடுகிறது.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஆசிரியரின் அறைக்குள் காரணமில்லாமல் போகக் கூடாது என்று பழகி வளர்ந்தவர்கள் நாம். அங்கே ஆஃபீஸ் நேரம் என்பது மாணவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்த நேரம். போகாவிட்டால் அவர்களுக்கு உங்கள் முகமே தெரியாது. முகம் தெரியாத மாணவிக்காக யாரும் குழுவில் பேச மாட்டார்கள். கூச்சமாக இருந்தால் ஒரே ஒரு கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

நாள்காட்டியும் கணக்கும்

பொதுவாக இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட். அதில் மூன்றில் ஒரு பங்கு வரை பொதுக் கல்விப் பாடங்களுக்குப் போகலாம், மேஜருக்கு 30லிருந்து 45 வரை என்பது பரவலான அளவு. நான்காம் செமஸ்டருக்குள் மேஜரை அறிவிக்கச் சொல்வார்கள். அதனால் பின்னாலிருந்து எண்ணுங்கள்: நான்காம் செமஸ்டரில் ப்ரொபோசல் கொடுக்க வேண்டும் என்றால் மூன்றாம் செமஸ்டரில் அட்வைசர் கையில் இருக்க வேண்டும், அப்படியானால் முதல் வருஷத்திலேயே அவருடைய வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். திரும்பி வந்தால் திருத்திக் கொடுக்க ஒரு செமஸ்டர் இடைவெளி வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். குழு செமஸ்டருக்கு ஒன்றிரண்டு முறைதான் கூடும், அந்தத் தேதியை விட்டால் அடுத்த செமஸ்டர்தான்.

கேட்டலாகில் பாடத்தின் பெயர் இருக்கிறது என்பதால் அது நடக்கிறது என்று அர்த்தமில்லை. கடந்த ஆறு செமஸ்டர் அட்டவணையை எடுத்துப் பாருங்கள், மாணவர் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் ரெஜிஸ்ட்ராரின் இணையப் பக்கத்தில் கிடைக்கும். நான் முதலில் பட்டியலிட்ட பதினைந்தில் மூன்று பாடங்கள் அந்த ஆறு செமஸ்டரிலும் நடக்கவே இல்லை. சில பாடங்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரும். இன்னும் சிலவற்றில் அந்த மேஜர் மாணவர்களுக்குத்தான் முதலில் இடம், மிச்சமிருந்தால் உங்களுக்கு. இதற்கெல்லாம் ஒரே மருந்து, முக்கியமான பாடம் ஒவ்வொன்றுக்கும் மாற்றுப் பாடம் ஒன்றைப் பக்கத்திலேயே எழுதி வைப்பது. ப்ரீரெக், அதாவது ஒரு பாடத்துக்கு முன் படித்திருக்க வேண்டிய பாடங்களின் சங்கிலியை மட்டும் தாளில் அம்புக்குறி போட்டு வரைந்து பாருங்கள். மூன்றாம் வருஷப் பாடம் ஒன்றுக்குப் பின்னால் மூன்று பாடங்கள் வரிசையாக ஒளிந்திருக்கும், அதை வரையாமல் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் துறையின் அட்வைசரிடம் போய், வெளியாள் ஒருத்தி இதில் சேர முடியுமா என்று கேட்டு பதிலை மெயிலில் வாங்கிவிட்டால் ப்ரொபோசலோடு இணைக்கலாம், குழுவுக்கு அது பெரிய தெம்பு.

அப்பா கேட்ட கேள்வி

இதையெல்லாம் போனில் அரை மணி நேரம் விளக்கிய பிறகு அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: "சர்டிபிகேட்ல என்ன பேரு வரும்மா?" அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் சில பல்கலைக்கழகங்களில் நீங்கள் வைத்த தலைப்பே டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், வரும். வேறு சிலவற்றில் இண்டிவிஜுவலைஸ்டு ஸ்டடீஸ் என்று பொதுப் பெயர் மட்டும்தான் வரும், உங்கள் தலைப்பை நீங்களே ரெஸ்யூமேயில் எழுதிக்கொள்ள வேண்டும். ரெஜிஸ்ட்ரார் ஆஃபீஸில் ஒரு மாதிரி டிரான்ஸ்கிரிப்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தலைப்பு வேலைக்கு எடுப்பவர் ஒரு மூச்சில் படித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்கட்டும். புதுச் சொல் உண்டாக்காதீர்கள், நான்கு ஐந்து சொல்லுக்கு மேல் போகாதீர்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, இதை யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு மேஜருக்கும் அமெரிக்கக் கல்வித் துறை வகுத்த சிஐபி என்ற ஆறு இலக்கக் குறியீடு உண்டு, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 தாளில் அது அச்சாகியிருக்கும். பட்டம் முடித்தபின் வேலை பார்க்கக் கிடைக்கும் ஓபிடி என்ற அனுமதி 12 மாதம். அந்தக் குறியீடு அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கக் கேட்கலாம். பல துறைகள் கலந்த படிப்புகளுக்கு 30 என்று தொடங்கும் குறியீடுகள் இருக்கின்றன. அவற்றில் சில ஸ்டெம் பட்டியலில் உண்டு, டேட்டா சயன்ஸ், காலநிலை அறிவியல், பொருளாதாரமும் கணினி அறிவியலும் என்ற படிப்பு எல்லாம் 2022இல் சேர்ந்தன. ஆனால் 30.0000, 30.9999 போன்ற பொதுக் குறியீடுகள் அதில் இல்லை. சொந்த மேஜர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பொதுக் குறியீட்டைப் போட்டுவிடும் பல்கலைக்கழகத்தில் நீங்கள் எவ்வளவு கணக்கும் அறிவியலும் படித்திருந்தாலும் அந்த 24 மாதம் கிடைக்காது. இரண்டு வருஷ வேலை, எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் இன்னும் இரண்டு வாய்ப்பு, எல்லாம் ஒரு ஆறு இலக்க எண்ணில் தொங்குகிறது.

அதனால் ப்ரொபோசல் கொடுக்கும் முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் போய் நேரடியாகக் கேளுங்கள்: என் மேஜருக்கு எந்த சிஐபி போடுவீர்கள், அதை யார் முடிவு செய்கிறார்கள், பாடங்களைப் பொறுத்து மாற்ற முடியுமா? பதிலை மெயிலில் வாங்குங்கள். மாற்ற முடியாது என்றால் இன்னொரு வழி, சொந்த மேஜரோடு ஸ்டெம் மேஜர் ஒன்றையும் சேர்த்து டபுள் மேஜராக முடிப்பது. இரண்டும் ஐ-20இல் இருக்க வேண்டும். மைனர் இதற்குக் கணக்கில் வராது. நான் கடைசியில் புள்ளியியலை இரண்டாம் மேஜராகச் சேர்த்தேன், அதற்காக ஒரு கோடை முழுக்க வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது, இருந்தாலும் செய்தது சரிதான். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, நீங்கள் படிக்கும் வருஷத்து விதியை அங்கேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பி மேற்படிப்போ அரசு வேலையோ பார்க்க நினைப்பவர்கள் வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று கேட்பார்கள் என்பதையும் மனதில் வைத்து, பாட விளக்கங்களையும் சிலபஸ்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேப்ஸ்டோன்

பெரும்பாலான இடங்களில் கடைசி வருஷம் ஒரு பெரிய வேலை செய்து முடிக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரை, படம், மென்பொருள், கண்காட்சி, எதுவாகவும் இருக்கலாம். காலட்டினில் இதற்கு வேறு வடிவம் உண்டு, நீங்களே தேர்ந்தெடுத்த நூல்களின் பட்டியலை வைத்து ஆசிரியர்களோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசித் தேற வேண்டும்.

என்னுடையது லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் வெப்பப் படங்களில் தொடங்கியது. அது ஒரே இடத்துக்கு மேலே 16 நாளுக்கு ஒரு முறைதான் வரும், அன்று மேகம் இருந்தால் படம் வீண். அது காட்டுவதும் கூரையின் சூடு, தார் ரோட்டின் சூடு, காற்றின் சூடு இல்லை. அதோடு வழக்கமாக எடுப்பதெல்லாம் காலை நேரப் படங்கள். ஆனால் வெப்ப அலையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஆறாத ராத்திரிதான், உடம்புக்கு ஓய்வே கிடைக்காமல் போவதுதான். ராத்திரி ஒரு வீட்டுக்குள் எப்படி இருக்கிறது என்று அந்தப் படத்தில் தெரியாது. ஆகவே முதியவர்கள் வீட்டுக்குப் போய், சமையலறை மேஜையில் சின்ன வெப்பமானியை வைத்துவிட்டு, எங்கே படுக்கிறீர்கள், எந்த ஜன்னலைத் திறப்பீர்கள், கரண்ட் பில்லுக்குப் பயந்து ஏசியை நிறுத்துவது உண்டா என்று கேட்டு எழுதினேன். ஒரு பாட்டி, ஏசி இருக்கும் அறையில் தூங்குவதில்லை, தெருவைப் பார்த்த அறையில்தான் தூங்குகிறேன், யாராவது வந்தால் தெரியும் என்றார். ரிமோட் சென்சிங் வகுப்பும் நேர்காணல் வகுப்பும் ஒரே பட்டியலில் ஏன் இருக்கின்றன என்று அந்தக் குழு மறுபடி கேட்டிருந்தால் இந்த ஒரு பதிலைச் சொல்லியிருப்பேன்.

மனிதர்களிடம் பேட்டி எடுத்து ஆய்வு செய்வதாக இருந்தால் ஐஆர்பி என்ற நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவைப்படும். அது கைக்கு வர வாரங்கள் ஆகும், கேள்விகளில் திருத்தம் சொன்னால் மாதக்கணக்காகிவிடும். முந்தின செமஸ்டரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். அனுமதி வருவதற்கு முன் எடுத்த பேட்டியைப் பிறகு பயன்படுத்த முடியாது.

ஒப்புதல் கிடைத்த பிறகு

ஒப்புதல் கடிதம் வந்த அன்றே எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பட்டத்துக்கு வேண்டியதெல்லாம் முடிந்ததா என்று சரிபார்க்கும் டிகிரி ஆடிட் மென்பொருளுக்கு உங்கள் மேஜர் தெரியாது, யாராவது கையால் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டார்களா என்று செமஸ்டருக்கு ஒரு முறை பாருங்கள். என் பதினான்கு பாடங்களில் ஐந்து, படித்து முடிக்கும்போது வேறாகியிருந்தன. ஒன்று ரத்தானது, ஒன்றில் இடம் கிடைக்கவில்லை, மூன்றை அதைவிட நல்ல பாடம் வந்ததால் நானே மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அட்வைசரிடம் மெயிலில் சரி வாங்கி, திட்ட அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பி, தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தேன். கடைசி செமஸ்டரில் அந்த ஐந்தில் இரண்டு பாடங்கள் கணக்கில் வரவில்லை என்று பட்டமளிப்புக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு நோட்டீஸ் வந்தது. ஃபோல்டரைத் திறந்து இரண்டு மெயிலையும் ஃபார்வர்ட் செய்தேன், மறுநாள் சரியாகிவிட்டது.